அண்மைப்புல ஒளி நுண்ணோக்கி: முனையை மாதிரியிலிருந்து பத்து நானோமீட்டரில் நிறுத்துவது எப்படி?

அலைநீளத்தைவிடச் சிறிய துளையுள்ள முனையை மாதிரிக்கு மிக அருகில் வைத்துப் படமெடுப்பது அண்மைப்புல ஒளி நுண்ணோக்கி. அதை இயக்க முதன்முதலில் உட்காருபவர்கள் பெரும்பாலும் லேசர், ஒளியிழை, ஃபோட்டான் எண்ணி என்று ஒளி சார்ந்த பாகங்களைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். வேலை கெடுவதோ அநேகமாக வேறு இடத்தில்: முனைக்கும் மாதிரிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பிடித்து வைத்திருக்கும் பின்னூட்டச் சுற்றில். இந்த இடைவெளியை அந்தச் சுற்று நேரடியாக அளப்பதே இல்லை. அது அளப்பது முனை ஒட்டியிருக்கும் ஓர் இசைக்கவையின், அதாவது இரு புயமுள்ள அதிரும் கவையின், அதிர்வு எவ்வளவு தணிந்திருக்கிறது என்பதை மட்டும். அந்த எண்ணைப் பார்த்து, 'முனை இப்போது இவ்வளவு உயரத்தில் இருக்கிறது' என்று நாமாக முடிவு செய்கிறோம். அந்த முடிவை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதைச் சொல்லத்தான் இந்த வழிகாட்டியில் பாதி இடம் போகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது மிகப் பரவலான அமைப்பு: அலுமினியம் பூசிய ஒளியிழைத் துளைமுனை, குவார்ட்ஸ் இசைக்கவை, ஷியர் ஃபோர்ஸ் பின்னூட்டம் (பக்கவாட்டில் ஆடும் முனை மாதிரியை நெருங்கும்போது அதிர்வு தணிவதை வைத்து இடைவெளியைப் பிடிப்பது), காற்றில் ஸ்கேன்.

கொஞ்சம் முன்கதை

அயர்லாந்துக்காரரான எட்வர்ட் ஹச்சின்சன் சிங் 1928-இலேயே இந்த நுண்ணோக்கியைக் காகிதத்தில் வரைந்துவிட்டார். ஒளிபுகாத் திரையில் அலைநீளத்தைவிடச் சிறிய ஒரு துளை. அதன் வழியே வரும் ஒளி விரிந்து பரவுவதற்குள் மாதிரி அதன் எதிரே இருக்க வேண்டும். ஐன்ஸ்டீனுக்கும் கடிதம் எழுதிக் கருத்துக் கேட்டார். மாதிரியை நகர்த்த, மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பீசோ படிகத்தைப் பயன்படுத்தலாம் என்று 1932-இல் எழுதியவரும் அவர்தான். யோசனையில் குறையே இல்லை. நூறில் ஒரு மைக்ரான் இடைவெளியைப் பிடித்து வைக்கும் வழிதான் அப்போது யாரிடமும் இல்லை.

1972-இல் லண்டனில் ஆஷும் நிக்கல்ஸும் இதே கொள்கையை 3 சென்டிமீட்டர் நுண்ணலையில் செய்து, அலைநீளத்தில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துக் காட்டினார்கள். அலைநீளம் பெரிதாக இருந்தால் இடைவெளியும் பெரிதாகவே இருக்கலாம், அதனால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1984-இல் ஸ்விட்சர்லாந்தின் ஐபிஎம் ஆய்வகத்தில் போல் குழுவினர் செய்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, முனைக்கும் மாதிரிக்கும் நடுவே பாயும் எலக்ட்ரான் சுரங்க மின்னோட்டத்தை வைத்து இடைவெளியைப் பிடித்தார்கள். மாதிரி மின்சாரம் கடத்தினால்தான் அது நடக்கும். 1992-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஷியர் ஃபோர்ஸ் முறையைக் கொண்டுவந்தன. அதில் ஒன்று எரிக் பெட்சிக்கின் குழு. 2014-இல் வேறொரு நுண்ணோக்கி வேலைக்காக நோபல் வாங்கிய அதே பெட்சிக். முனையின் அதிர்வை இன்னொரு லேசரால் பார்க்க வேண்டியிருந்ததுதான் அந்த முறையின் தலைவலி. ஃபோட்டான்களை ஒன்றொன்றாக எண்ணும் இடத்தில் இன்னொரு லேசரின் சிதறல் ஒளி வேண்டாத விருந்தாளி. 1995-இல் கராயும் குரோபரும் கைக்கடிகாரத்தில் இருக்கும் குவார்ட்ஸ் இசைக்கவையில் முனையை ஒட்டி, அதிர்வை மின்சாரமாகவே படித்தார்கள். இன்றுவரை பெரும்பாலான ஆய்வகங்களில் ஓடுவது இதுதான்.

எவ்வளவு இடைவெளி வேண்டும்?

துளையின் விட்டம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு தூரத்துக்குள் அண்மைப்புலம், அதாவது துளையை ஒட்டியே நிற்கும் ஒளிப்புலம், அடங்கிவிடும். 50 முதல் 100 நானோமீட்டர் துளை என்றால், 10 நானோமீட்டர் அருகில் இருந்தால்தான் துளையின் அளவுக்கு நிகரான பகுதிறன் (அருகருகே உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் திறன்) கிடைக்கும். 50 நானோமீட்டர் தள்ளிப்போனாலே படம் மங்கத் தொடங்கிவிடும்.

இங்கேயே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பின்னூட்டச் சுற்று பிடித்து வைப்பது முனையின் மிகத் தாழ்ந்த புள்ளியை, துளையை அல்ல. 50 நானோமீட்டர் துளையைச் சுற்றிலும் 100 நானோமீட்டர் அலுமினியப் பூச்சு இருந்தால் முனையின் முகம் மொத்தம் 250 நானோமீட்டர் அகலம். முனை 5 டிகிரி சாய்ந்திருந்தால் பூச்சின் ஒரு விளிம்பு தொடும் நேரத்தில் துளையின் மையம் 11 நானோமீட்டர் மேலே நிற்கும். அலுமினியம் குருணை குருணையாகப் படியும் உலோகம் வேறு. ஒரு குருணை 20 நானோமீட்டர் துருத்திக்கொண்டிருந்தால் மாதிரியைத் தடவுவது அதுதான். துளை அதற்கு மேலே நிற்கும். பின்னூட்டத்தை எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் இந்த உயரம் குறையாது. ஆகவே முனையை ஒட்டுவதற்கு முன் அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள். தொகுப்பில் எல்லாவற்றையும் பார்க்க முடியாவிட்டால் இரண்டு மூன்றையாவது.

இசைக்கவையைத் தயார் செய்தல்

32,768 ஹெர்ட்ஸ் கடிகாரப் படிகம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சிறிய உலோக உருளைக்குள் இருக்கும். உருளையின் அடிப்பகுதியை மெல்லிய குறட்டால் பிடித்து லேசாக நசுக்கித் திருப்பினால் உறை கழன்று வரும். உள்ளே இரண்டு புயங்கள், ஒவ்வொன்றும் சுமார் 4 மில்லிமீட்டர் நீளம். கூடுதலாகச் சிலவற்றையும் உடைத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டும்போது சில வீணாகும்.

உறைக்குள் வெற்றிடம். அதனால் அங்கே தரக்காரணி, அதாவது அதிர்வு எவ்வளவு குறைவாகச் சக்தியை இழக்கிறது என்பதைக் காட்டும் எண், பல பத்தாயிரம். காற்றுக்கு வந்ததும் சுமார் பத்தாயிரமாக இறங்கும், அதிர்வெண்ணும் கொஞ்சம் குறையும். எந்தக் கவையையும் முனை ஒட்டுவதற்கு முன்பே ஒருமுறை அதிர்வெண் வரம்பில் ஓட்டி, அதன் ஒத்ததிர்வு வளைவரையை (அதிர்வெண்ணுக்கு எதிராக வீச்சு) சேமித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒட்டலில் குறையா, கவையிலேயே குறையா என்று பிரித்துச் சொல்ல அது மட்டுமே உதவும்.

முனையை ஒட்டுதல்

பொறுமை தேவைப்படும் இடம் இது. உறை நீக்கிய ஒளியிழையை ஒரு புயத்தின் பக்கவாட்டில், புயத்துக்கு இணையாக வைத்து ஒட்ட வேண்டும். பசை குறைவாக இருக்க வேண்டும், காய்ந்தபின் கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் எப்பாக்ஸியோ சூப்பர் குளூவோ போதும். ரப்பர் போல நெகிழும் பசை எதுவும் ஆகாது; அதிர்வின் சக்தியை அதுவே விழுங்கிவிடும். தலைமுடியோ மெல்லிய கம்பியோ எடுத்து அதன் நுனியால் பசையைத் தொட்டுவைப்பது நல்ல பழக்கம்.

புயத்தின் நுனியைத் தாண்டி ஒளியிழை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பலர் கண்ணளவாக விட்டுவிடுகிறார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே பயம் வரும். 125 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடி இழை 1 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் சொந்த அதிர்வெண் சுமார் 100 கிலோஹெர்ட்ஸ். கவையின் அதிர்வெண்ணிலிருந்து வெகுதூரம். அதே இழை 1.75 மில்லிமீட்டர் நீட்டியிருந்தால்? சுமார் 33 கிலோஹெர்ட்ஸ். அதாவது கவையின் அதிர்வெண்ணேதான். இழையும் கவையும் சேர்ந்து ஆடும், ஒத்ததிர்வு இரண்டு உச்சங்களாகப் பிளக்கும், புயம் ஆடும் அளவும் முனை ஆடும் அளவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போகும். இழையின் நுனி கூர்மையாகப் போவதால் உண்மையான எண் கொஞ்சம் மாறும் என்றாலும், விதி மாறாது: நீட்டல் 1 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், அரை மில்லிமீட்டர் என்றால் இன்னும் நல்லது.

இழையின் மறுமுனை லேசரை நோக்கிப் போகிறது அல்லவா, அது தொங்கி ஆடக்கூடாது. கவையின் அடித்தளத்தில் ஒரு சொட்டுப் பசையால் பிடித்துவிடுங்கள். புயத்துக்கும் அந்தப் பிடிக்கும் நடுவே இழை கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும், இழுத்துப் பிடித்தால் தரக்காரணி நூறுக்குக் கீழே போய்விடும்.

ஒட்டி முடித்ததும் அதிர்வெண் சில நூறு ஹெர்ட்ஸ் நகர்ந்திருக்கும், தரக்காரணி சில நூறிலிருந்து இரண்டாயிரம் வரை எங்காவது நிற்கும். ஐந்நூறுக்கு மேல் வந்தால் திருப்தியாக அடுத்த படிக்குப் போகலாம். குறைவாக வந்தால், எதிர்ப்புயத்தில் அதே எடையுள்ள இழைத்துண்டு ஒன்றை ஒட்டிப் பாருங்கள். இரு புயங்களின் எடை சமமானால் அதிர்வு அடித்தளத்துக்குக் கசிவது குறையும், தரக்காரணி ஏறும்.

மின்சுற்றும், அதிர்வை நானோமீட்டரில் அறிவதும்

கவையை மின்னழுத்தம் கொடுத்து நேராகவே ஆட்டலாம், அல்லது பக்கத்தில் ஒரு சிறு பீசோவை ஒட்டி அதைக் கொண்டு ஆட்டலாம். எனக்குப் பிடித்தது முதல் வழி, பாகங்கள் குறைவு. கவையின் மின்னோட்டத்தை ஒரு முன்பெருக்கி மின்னழுத்தமாக மாற்றும். அங்கிருந்து, நாம் ஆட்டும் அதிர்வெண்ணில் உள்ள சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கிக்கு. முன்பெருக்கியைக் கவைக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். நீளமான கேபிள் இரைச்சலைத்தான் கொண்டுவரும்.

முனை எவ்வளவு ஆடுகிறது என்று வோல்ட்டில் மட்டும் தெரிந்துகொண்டு வருடக்கணக்கில் வேலை செய்பவர்களும் உண்டு. நானோமீட்டரில் தெரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டமில்லை. ஒத்ததிர்வில் நாம் கொடுக்கும் மின்சக்தி முழுவதும் தணிவில் செலவாகிறது என்ற சமன்பாடு போதும். மின்னழுத்தத்தின் ஆர்எம்எஸ் மதிப்பையும் மின்னோட்டத்தின் ஆர்எம்எஸ் மதிப்பையும் பெருக்குங்கள், அதைத் தரக்காரணியால் பெருக்குங்கள், கோண அதிர்வெண்ணாலும் ஒரு புயத்தின் விறைப்பு மாறிலியாலும் வகுங்கள், வர்க்கமூலம் எடுங்கள். கிடைப்பது அதிர்வின் வீச்சு. உதாரணமாக 1 மில்லிவோல்ட், 1 நானோஆம்பியர், தரக்காரணி 1000, விறைப்பு மீட்டருக்கு 20,000 நியூட்டன் என்று வைத்தால் வீச்சு சுமார் அரை நானோமீட்டர். இந்தக் கணக்கிலிருந்து உடனே தெரிவது: நாம் கொடுக்க வேண்டியது மில்லிவோல்ட்தான், வோல்ட் அல்ல. பெருக்கித் திரையில் சிக்னல் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 100 மில்லிவோல்ட் கொடுத்தால் முனை 50 நானோமீட்டர் ஆடும். துளையின் அளவுக்கே ஆடினால் எதைப் பிரித்துப் பார்ப்பது? ஒன்றிரண்டு நானோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒட்டுண்ணி மின்தேக்கம். கவையின் இரு மின்முனைகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே சில பிக்கோஃபாரட் இருக்கும். அது 5 பிக்கோஃபாரட் என்றால் 1 மில்லிவோல்ட்டில் அதன் வழியே ஓடுவது 1 நானோஆம்பியர். மேலே போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்கள்: கவையின் அதிர்வு தரும் மின்னோட்டமும் அதே 1 நானோஆம்பியர்! அதனால்தான் ஒத்ததிர்வு வளைவரை ஒரு பக்கம் சாய்ந்து, உச்சத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளத்தோடு வருகிறது. இப்படிச் சாய்ந்த வளைவரையில் வீச்சைச் செட்பாயிண்டாக (சுற்று பிடித்து வைக்க வேண்டிய மதிப்பாக) வைத்தால் எந்தத் திசையில் போகிறோம் என்றே தெரியாது. எதிர்க்கட்டத்தில் உள்ள (தலைகீழாக ஏறி இறங்கும்) மின்னழுத்தத்தை ஒரு சிறிய மாறு மின்தேக்கி வழியே செலுத்தி இதை ஈடுசெய்ய வேண்டும். வளைவரை இருபக்கமும் சமமாக வரும்வரை மின்தேக்கியைத் திருகுங்கள். சமமாக வராமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

தரக்காரணி அதிகமானால் நல்லதா?

உணர்திறன் கூடும், உண்மை. ஆனால் கவை மெதுவாகப் பதில் சொல்லும். வீச்சு மாறுவதற்கு ஆகும் நேரம் என்பது தரக்காரணியை அதிர்வெண்ணாலும் பையாலும் (π) வகுத்தால் வருவது. 1000 என்றால் 10 மில்லிநொடி. 10,000 என்றால் 100 மில்லிநொடி. நல்ல பிரேக் உள்ள வண்டியைத்தான் வேகமாக ஓட்டலாம் என்பது போல, பின்னூட்டத்தின் வேகம் தீர்மானிப்பது நாம் எவ்வளவு வேகமாக நெருங்கலாம், எவ்வளவு வேகமாக ஸ்கேன் செய்யலாம் என்பதை.

கணக்கைப் பாருங்கள். தரக்காரணி 1000-இல் வீச்சு முழுதாக மாற மூன்று மடங்கு நேரம், அதாவது 30 மில்லிநொடி ஆகும். முனை நொடிக்கு 1 மைக்ரான் வேகத்தில் இறங்கினால் அந்த 30 மில்லிநொடியில் 30 நானோமீட்டர் இறங்கிவிடும். ஷியர் ஃபோர்ஸ் உணரப்படும் மண்டலமே மொத்தம் 10 முதல் 30 நானோமீட்டர்தான். சுற்று விழித்துக்கொள்வதற்குள் முனை மோதியிருக்கும். நொடிக்கு 200 நானோமீட்டர் என்றால் 6 நானோமீட்டர்தான் போகும், பிழைத்துக்கொள்ளலாம்.

வேகமும் வேண்டும், உணர்திறனும் வேண்டும் என்றால் வீச்சை விட்டுவிட்டு அதிர்வெண்ணைப் பின்தொடருங்கள். கட்டப் பூட்டுச் சுற்று ஒன்று கவையை எப்போதும் அதன் ஒத்ததிர்விலேயே வைத்திருக்கும். அதிர்வெண் எவ்வளவு நகர்ந்தது என்பது பின்னூட்டத்துக்குப் போகும். அதிர்வெண் மாற்றம் தரக்காரணியின் தாமதத்துக்குக் காத்திருப்பதில்லை. 1991-இல் அணுவிசை நுண்ணோக்கிக்காக வந்த முறை இது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் வீச்சிலேயே பழகிவிட்டு அப்புறம் இதற்கு மாறுவது நல்லது. இரண்டு சுற்றுகளை ஒரே நேரத்தில் சரிசெய்யப் போனால் எது ஆட்டம் போடுகிறது என்று பிரித்தறிய முடியாது.

நெருங்குதல்

லேசரை முதலிலேயே ஆன் செய்துவிடுங்கள். முனைக்குள் போகும் ஒளியில் மிகச் சிறு பகுதிதான் துளை வழியே வெளியே வரும். மீதியில் கணிசமானது அலுமினியத்தைச் சூடாக்கும், முனை நீளும். நெருங்கியபின் லேசரை ஆன் செய்தால் முனை நீண்டு வந்து மாதிரியில் குத்தலாம். இழைக்குள் சில மில்லிவாட்டுக்கு மேல் அனுப்பினால் பூச்சே உரியும்.

பக்கவாட்டில் வைத்த சாதாரண நுண்ணோக்கியில் முனையையும், மாதிரியின் பரப்பில் அதன் பிம்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். முனைக்கும் பிம்பத்துக்கும் நடுவே தெரிவது உண்மை இடைவெளியின் இரு மடங்கு. கையால் அல்லது மோட்டாரால் 20 மைக்ரான் வரை கொண்டுவரலாம். அதற்குமேல் கண்ணை நம்ப வேண்டாம்.

அப்புறம் மரங்கொத்தி முறை: பீசோ முழு நீளமும் மெதுவாக நீளும், வீச்சு குறையவில்லை என்றால் முழுவதும் சுருங்கும், சுருங்கியபின் மோட்டார் ஓர் அடி வைக்கும், மறுபடி பீசோ நீளும். மோட்டாரின் ஓர் அடி பீசோவின் வீச்செல்லையில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். பீசோ 5 மைக்ரான் நீளுமானால் அடி 2 மைக்ரான். மோட்டார் நகரும்போது பீசோ நீண்ட நிலையில் இருக்கவே கூடாது. மென்பொருளில் இந்த வரிசை சரியாக இருக்கிறதா என்று மாதிரியே வைக்காமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பொய்யான தொடுகை

முனை மாதிரியைத் தொட்டுவிட்டதாகச் சுற்று சொல்கிறது, ஆனால் உண்மையில் அது இரண்டு மைக்ரான் மேலே நிற்கிறது. அடிக்கடி நடப்பது. காரணம் பெரும்பாலும் அதிர்வெண் நகர்வு.

நாம் ஒரு நிலையான அதிர்வெண்ணில் கவையை ஆட்டி, வீச்சைப் பார்க்கிறோம். அறையின் வெப்பம் மாறி, பசை இறுகி, அல்லது ஏசி காற்று பட்டு, கவையின் ஒத்ததிர்வு 5 ஹெர்ட்ஸ் நகர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரக்காரணி 1000 உள்ள கவையில் வீச்சு சுமார் 4 சதவீதம் விழும். செட்பாயிண்டைத் தொடாமல் ஆடும்போதுள்ள வீச்சின் 95 சதவீதத்தில் வைத்திருந்தால் சுற்றுக்கு இதுவே கிட்டத்தட்டத் தொடுகை. தரக்காரணி 5000 என்றால் 1 ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே போதும்.

பிடிப்பது எப்படி? கட்டத்தையும் (ஆட்டும் மின்னழுத்தத்துக்கும் அதிர்வுக்கும் நடுவே உள்ள முன்பின்) சேர்த்துப் பாருங்கள். வெறும் தணிவு என்றால் ஒத்ததிர்வில் கட்டம் அதிகம் நகராது; அதிர்வெண் நகர்ந்தால் வீச்சு விழுவதற்கு முன்பே கட்டம் நகரத் தொடங்கிவிடும். அதைவிட எளிய சோதனை: செட்பாயிண்டை 95-இலிருந்து 93-க்கு இறக்குங்கள். உண்மைத் தொடுகை என்றால் பீசோ சில நானோமீட்டர்தான் நீளும். பொய்த் தொடுகை என்றால் பீசோ ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை நெருங்கிய பிறகும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்கேன் பொத்தானைத் தொடாதீர்கள்.

நெருங்கு வளைவரையும் செட்பாயிண்டும்

இப்போது முனையை மெதுவாக இறக்கி ஏற்றி, பீசோவின் நீளத்துக்கு எதிராக வீச்சைப் பதிவுசெய்யுங்கள். நல்ல முனையில் வீச்சு சமதளமாக வந்து, கடைசி 10 முதல் 30 நானோமீட்டரில் வழுக்கி விழும். இறங்கும்போதும் ஏறும்போதும் கோடு ஒன்றன்மேல் ஒன்றாக வர வேண்டும். ஏறும்போது மட்டும் தாமதமாக மீண்டால் பரப்பில் நீர்ப்படலமோ அழுக்கோ முனையைப் பிடித்துக்கொள்கிறது என்று கொள்ளலாம். நூறு நானோமீட்டருக்கு முன்பே வீச்சு சரியத் தொடங்கினால் முனையில் ஏதோ தொங்குகிறது. அந்த முனையை மாற்றுங்கள்.

இந்தத் தணிவு எதனால் வருகிறது என்பதில் ஒருமித்த பதில் இல்லை. பரப்பில் படிந்த நீர்ப்படலம், முனை பரப்பை லேசாகத் தட்டுவது என்று பல விளக்கங்கள் உண்டு. நமக்கு வேண்டியது இதன் விளைவு: ஈரப்பதம் மாறினாலும் மாதிரி மாறினாலும் அதே 95 சதவீதம் அதே உயரத்தைக் குறிக்காது. அதனால் மாதிரியை மாற்றும்போதெல்லாம் வளைவரையை மறுபடி எடுங்கள்.

செட்பாயிண்டை 90 முதல் 95 சதவீதத்துக்குள் வையுங்கள். மென்மையான உயிரியல் மாதிரி என்றால் 97 வரைகூடப் போகலாம், இரைச்சல் அனுமதித்தால். 70, 60 என்று இறக்கினால் படம் நிலையாகத் தெரியும், முனை தேய்ந்துகொண்டிருக்கும்.

பின்னூட்டத்தின் கெயினை, அதாவது பிழைக்குச் சுற்று எவ்வளவு பலமாகப் பதில் சொல்கிறது என்பதை, சரிசெய்ய, முதலில் தொகையீட்டுப் பகுதியை மட்டும் மெல்ல ஏற்றுங்கள். பிழைச் சிக்னலில் ஆட்டம் தொடங்கியதும் பாதியாகக் குறையுங்கள். அப்புறம் விகிதப் பகுதியைச் சிறிது சேருங்கள். லாக்-இன் பெருக்கியின் நேர மாறிலி கவையின் பதில் நேரத்தைவிடக் குறைவாக, 1 மில்லிநொடி அளவில் இருக்கட்டும். இல்லாவிட்டால் தாமதத்தின்மேல் தாமதம் சேர்ந்து சுற்று ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே கோட்டை முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து இரண்டையும் மேலே மேலே வைத்துப் பாருங்கள். மேட்டின் இறங்குபக்கத்தில் கோடுகள் பிரிந்தால் வேகத்தைக் குறையுங்கள், கெயினை ஏற்றாதீர்கள்.

ஒளியையே சாட்சிக்குக் கூப்பிடுதல்

இதுவரை நம்மிடம் இருப்பது கவையின் வாக்குமூலம் மட்டும். ஒளிச் சிக்னல் வேறு இரண்டு வழிகளில் அதைச் சரிபார்க்க உதவும்.

ஒன்று, குறுக்கீட்டு வரிகள். பளபளப்பான பரப்பை நோக்கி முனை இறங்கும்போது, முனையிலிருந்து நேராக வரும் ஒளியும் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து சிக்னலை ஏற்றி இறக்கும். 633 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசரில், செங்குத்தாகப் பார்த்தால் ஓர் ஏற்ற இறக்கம் என்பது 316 நானோமீட்டர். சாய்வாக வைத்த டிடெக்டர் என்றால் செங்குத்துக் கோட்டிலிருந்து அது சாய்ந்த கோணத்தின் கொசைனால் இதை வகுக்க வேண்டும். 60 டிகிரியில் 633 ஆகிவிடும். இந்த வரிகளை எண்ணினால் பீசோ ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு நீள்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். தயாரிப்பாளர் கொடுத்த எண்ணைவிட இதை நம்பலாம், ஏனென்றால் பீசோவின் நீட்சி வயதோடும் மாறும், கொடுக்கும் மின்னழுத்தத்தின் வரம்போடும் மாறும்.

இரண்டாவது, தடைசெய்யப்பட்ட ஒளி என்று சொல்லப்படுவது. மாதிரி கண்ணாடித் தட்டில் இருந்து, கீழே எண்ணெய்ப் பொருளருகு வில்லை இருந்தால், மாறுநிலைக் கோணமான சுமார் 42 டிகிரிக்கு மேல் கண்ணாடிக்குள் போகும் ஒளியைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். முனை தூரத்தில் இருக்கும்போது அந்தக் கோணங்களில் ஒளியே வராது. அண்மைப்புலம் கண்ணாடியைத் தொட்டால்தான் வரும், இடைவெளி கூடக் கூட அடுக்குக்குறியாக மங்கும். கவை 'தொட்டுவிட்டேன்' என்று சொல்லும் அதே இடத்தில் இந்த ஒளியும் ஏறினால் இரண்டு சாட்சியும் ஒத்துப்போகின்றன. கவை தொட்டதாகச் சொல்லியும் இந்த ஒளி கொஞ்சமாகவே ஏறியிருந்தால், முன்னே சொன்ன அலுமினியக் குருணை நினைவுக்கு வர வேண்டும்.

படம் அழகாக வந்தால் சந்தேகப்படுங்கள்

பின்னூட்டம் நன்றாக வேலை செய்தால் முனை மாதிரியின் மேடுபள்ளங்களைப் பின்பற்றி மேலும் கீழும் போகும். ஆனால் ஒளிச் சிக்னல் முனையின் உயரத்தைப் பொறுத்து மாறும் என்று இப்போதுதானே பார்த்தோம்? ஆக, மேடுபள்ளம் ஒளிப்படத்துக்குள்ளும் அச்சாக இறங்கிவிடும். அந்தப் படத்தில் 20 நானோமீட்டர் விவரம் தெரியும், அது ஒளியின் பகுதிறன் அல்ல, பீசோவின் அசைவு. 1997-இல் ஹெஷ்ட் குழுவினர் இதை விளக்கி எழுதிய பிறகு, அதற்கு முன் வெளியான பல பெருமைமிகு படங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஒளிப்படமும் மேடுபள்ளப் படமும் ஒன்றுக்கொன்று நிழல் போல ஒத்திருந்தால் முதல் சந்தேகம். உண்மையான அண்மைப்புலப் படத்தில் துளையின் மையமும் தொடும் குருணையும் வேறுவேறு இடத்தில் இருப்பதால் இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு சிறு இடப்பெயர்ச்சி இருப்பது வழக்கம். உறுதியான சோதனை வேண்டுமென்றால், பின்னூட்டத்தை அணைத்து, முனையைக் கொஞ்சம் உயர்த்தி, நிலையான உயரத்தில் அதே இடத்தை ஸ்கேன் செய்யுங்கள். தட்டையான மாதிரி, சில மைக்ரான் பரப்பு, சாய்வைத் திருத்திய தளம் இருந்தால் இது முடியும். பகுதிறன் கொஞ்சம் குறைந்தாலும் விவரம் தங்கினால் அது ஒளியிலிருந்து வந்தது. மறைந்துபோனால் அது ஒளிச் சிக்னலில் ஒட்டிக்கொண்ட மேடுபள்ளம்.

நீருக்குள்ளும், சிதறல் முறையிலும்

நீரில் கவை முழுகினால் தரக்காரணி சரிந்துவிடும். கவையை மேலே வைத்து முனையின் நுனியை மட்டும் நீரில் தோய்ப்பது ஒரு வழி. கவையைச் சுற்றிக் காற்றை அடைத்துவைத்து, மூழ்குமணி போல நீருக்குள் இறக்கும் முறையை நெதர்லாந்துக் குழு ஒன்று 2003-இல் செய்து காட்டியது. துளையில்லா உலோக முனையைப் பயன்படுத்தும் சிதறல் வகை நுண்ணோக்கியிலோ பிரச்சினையே வேறு: அங்கே முனை செங்குத்தாகப் பல பத்து நானோமீட்டர் தட்டித் தட்டி ஆடும், ஒளிச் சிக்னலை அந்த அதிர்வெண்ணின் இரண்டாம், மூன்றாம் மடங்குகளில் எடுத்து அண்மைப்புலத்தைப் பிரிப்பார்கள். அங்கே வீச்சைத் தேர்ந்தெடுப்பதே தனிக் கலை, இந்த வழிகாட்டிக்குள் அடங்காது.

ஸ்கேன் முடிந்த பின்

முனையைப் பின்னிழுத்து, பத்து மைக்ரான் தள்ளி, கவையின் ஒத்ததிர்வு வளைவரையை மறுபடி எடுங்கள். ஸ்கேனுக்கு முன் எடுத்ததன் மேல் வைத்துப் பாருங்கள். அதிர்வெண் ஏறியிருந்தால் முனை ஒடிந்து எடை குறைந்திருக்கலாம். இறங்கியிருந்தால் மாதிரியிலிருந்து ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். தரக்காரணி மட்டும் சரிந்திருந்தால் பசை விட்டுக்கொடுத்திருக்கலாம். துளை வழியே வெளியே வரும் ஒளியின் அளவையும் தொலைவில் வைத்து அளந்துவிடுங்கள். அது இரண்டு மடங்காகியிருந்தால் பூச்சு தேய்ந்து துளை அகன்றுவிட்டது, எந்த வரியிலிருந்து அகன்றது என்று படத்திலேயே தேடிப் பார்க்கலாம். அந்த வரிக்குப் பிறகு வந்த தரவை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.